முதலில் உட்கார்ந்தது

செஞ்சி பஸ் ஸ்டாண்டில், என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தவள் தோழியிடம் சொன்னாள்: "எம் பொண்ணு நின்னா மொதலாளியும் நிக்கிறாராம்டி!"

"எந்த மொதலாளி?"

"பாரீஸ்லதான். பாண்டிச்சேரி கான்வென்ட் சிஸ்டருங்க கப்பல் ஏத்தி அனுப்பிச்சாங்கல்ல? ஒரு வூட்ல தங்கி, கொயந்தயப் பாத்துக்கினு காலேஜ் படிக்குது. சாப்புட அவரு வந்ததும் இது பயந்து எழுந்துடுச்சாம். அந்த ஊர்ல பொம்பள நிக்கிறப்ப ஆம்பள உக்காரக்கூடாதாம். அவரும் உக்காரல."

"வேலக்காரிக்கா?"

"ஆமாண்டி. ரெண்டு பேரும் நிக்கிறாங்களாம், சோறு ஆறுது."

"ஏய், நீ பாத்திரம் தேய்க்கிற வூட்டு ஐயா வர்றாரு."

இருவரும் சட்டென்று எழுந்து நின்றார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் கடந்து போனார்.

நின்றபடியே தோழி கேட்டாள்: "அப்புறம், அங்க யாரு மொதல்ல உக்காந்தது?"

"எம் பொண்ணு."