முப்பத்தெட்டாவது பக்கம்

மதியம் இரண்டே முக்கால். ஆமாம், மதியம்தான். பேய்க்கு ராத்திரிதான் வேலை நேரம் என்று எவன் சொன்னான்? கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என்னால் கத்த முடியாது.

புறவழிச்சாலை. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. கானல் மட்டும்... அதில் பைக்கில் போய்க்கொண்டிருந்தார் என் நண்பனின் அத்தான். போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து வேலை. டிவியில் தினமும் ஓடிய அந்த முதலாளி வழக்கு இவர் தலையில்தான் விடிந்திருந்தது.

முதலாளி தன் டிரைவரைக் கொன்றுவிட்டார். ஊருக்கே தெரியும். ஆனால் உடல் கிடைக்கவில்லை. அப்புறம் எதை வைத்து நிரூபிப்பது? காகிதத்தை வைத்துத்தான். ஒன்பதாம் தேதிக்குப் பிறகு அந்த டிரைவர் பஸ் ஏறவில்லை, ரயில் ஏறவில்லை, லாட்ஜில் தங்கவில்லை, நாட்டை விட்டுப் போகவில்லை... ஒவ்வொன்றுக்கும் அந்தந்த ஆபீஸ் சீல் வைத்துத் தர வேண்டும். அத்தான் மூன்று மாதம் நாயாய் அலைந்தார். சீல் இருந்தால் அதிகாரி இருக்கமாட்டார். அதிகாரி இருந்தால் சீல் பீரோவுக்குள், சாவி லீவில். சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

டிரைவரின் மனைவி தினமும் வந்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்காருவாள். "அண்ணே, அந்தாளு வெளிய வந்துர மாட்டான்ல?"

"வர விடமாட்டேன்மா."

முதலாளி கைதான நாளிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் எல்லாத் தாளும் கோர்ட்டுக்குப் போகாவிட்டால் அவருக்கு ஜாமீன். அன்று எண்பத்தொன்பதாவது நாள். பாக்கி ஒரே ஒரு டோல்கேட்; டிரைவரின் மாதப் பாஸ் அதைத் தாண்டவில்லை என்று ஒரு தாள்.

அங்கே மேனேஜர் கேட்டவுடன் பாஸ் வண்டிகளின் பட்டியலை அச்சடித்து, சீல் வைத்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அத்தானுக்கு நம்பவே முடியவில்லை. உடனே சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொரு தாளிலும் பக்க எண் போட்டார். முதலில் எண், பிறகுதான் படிப்பது. அது அவர் பழக்கம். முன்பு ஒரு வழக்கில் ஒரு தாள் காணாமல் போய், ஆறு மாதம் சஸ்பெண்டில் கிடந்தவர். சிவப்பு எண் விழுந்த தாளை அதன்பின் எவனும் உருவ முடியாது. அவரே நினைத்தாலும் முடியாது.

முப்பத்தெட்டுப் பக்கம். எண் போட்டு முடித்துப் படித்தார். கடைசி வரியில் அந்த டிரைவர் பெயரில் இருந்த பாஸ். முதலாளியின் கார் நம்பர். தேதி... அன்றைய தேதி. நேரம் இரண்டு முப்பத்தொன்று.

"யோவ், அந்தக் கார் எங்க ஸ்டேஷன் ஷெட்டுல தார்ப்பாய்க்கு அடியில கெடக்குயா! சாவி என் பாக்கெட்ல இருக்கு!"

"மெஷின்ல இருக்கறதத்தானே சார் நான் குடுக்க முடியும்?"

"திருத்திக் குடு."

"தலைமை ஆபீஸுக்கு எழுதிக் குடுங்க. பதினஞ்சு நாளாகும்."

கவுண்டரில் இருந்த பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "இப்பத்தான் சார் போனாரு. கைய மட்டும் நீட்டினாரு. கார்டு சொதசொதன்னு இருந்துச்சு..."

கவுண்டர் பலகையில் இன்னும் ஈரம். அத்தான் குனிந்தார். குளத்துச் சேற்று வாடை.

திருத்தம் கேட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். பாதி வழியில் பைக்கை நிறுத்தினார். வெறும் சாலையைப் பார்த்துக் கத்தினார்.

"நீ செத்துட்டேன்னு நிரூபிக்கத்தான்யா நான் மூணு மாசமா லோல்படறேன்! நீ பாட்டுக்கு ஊர் சுத்துனா நான் என்னய்யா பண்ணுவேன்?"

பதில் வந்திருந்தால் பைக்கோடு விழுந்திருப்பார்.

ஸ்டேஷன் ஷெட்டில் கார் அப்படியேதான் நின்றது. தார்ப்பாயில் மூன்று மாதத் தூசி. அதற்கடியில் கையை விட்டுப் பானெட்டைத் தொட்டார்... சுட்டது. உள்ளே எஞ்சின் ஆறும் சத்தம். டக்... டக்... டக்...

மறுநாள் கோர்ட்டில் முதலாளியின் வக்கீல் மற்றத் தாள்களைத் தொடவே இல்லை. அந்த ஒரு வரியை மட்டும் படித்தார். செத்தவர் நேற்று எப்படி டோல்கேட்டைத் தாண்டினார் என்று கேட்டார். அவ்வளவுதான். மூன்று மாத உழைப்பு அம்போ. ஜாமீன்.

படிக்கட்டில் டிரைவரின் மனைவி அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே... அப்போ அவரு உயிரோட இருக்காரா?" முகத்தில் அப்படி ஒரு ஆசை. அதைத்தான் அத்தானால் தாங்க முடியவில்லை.

முதலாளி போனில் சிரித்துப் பேசியபடியே இறங்கினார். வாசலில் அவர் கார் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பின்கதவு திறந்திருந்தது. பெரிய மனிதர்கள் முன்சீட்டில் யார் என்று பார்த்தா ஏறுவார்கள்? ஏறினார். கதவு சாத்திக்கொண்டது. அத்தான் பாக்கெட்டைத் தடவிப் பார்த்தார். சாவி இருந்தது. ஷெட்டுக்கு ஓடினார். தார்ப்பாய் மட்டும் தரையில் கிடந்தது.

அன்றிலிருந்து முதலாளியைக் காணோம். புது வழக்கு. அவருடைய பயணப் பதிவுகளைத் திரட்டும் வேலை யாருக்கு? வேறு யாருக்கு! மறுபடியும் சீல், மறுபடியும் லீவு...

பதினாறாம் நாள் திருத்தம் கேட்ட கடிதத்துக்குப் பதில் வந்தது. பிழை ஏதும் இல்லையாம். அதே பாஸில், அதே கார், மறுநாளும் இரண்டு முப்பத்தொன்றுக்குத் தாண்டியிருக்கிறதாம். கூடவே கேமரா எடுத்த படம்.

வெயில் காயும் சாலை. முன் ஜன்னலுக்கு வெளியே நீட்டிய ஒரு கை. பின்சீட்டில் முதலாளி. இரண்டு உள்ளங்கையும் கண்ணாடியில் அழுந்தியிருந்தன. வாய் அகலத் திறந்திருந்தது...

காருக்குள்ளே, அவர் தாடை வரைக்கும் தண்ணீர்.