உயிரோடு இருக்கிறவளுக்காக எத்தனை நாள் தங்குவீர்கள்?

ஊர்த்தலைவர் மொரேனா மொஹாபி அவர்களே! பாதிரியார் ஐயா அவர்களே! துக்கப் படுக்கையில் அமர்ந்திருக்கும் அம்மா மாமொட்லாட்சி அவர்களே! தம்பி மொட்லாட்சி! வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தையல் ஆலைத் தோழிகளே! வெளியே குளிரில் போர்வையை இறுக்கிக்கொண்டு நிற்கிறவர்களே, உள்ளே இடம் இருக்கிறது, வந்து நெருக்கி உட்காருங்கள்! உங்கள் எல்லோர்மேலும் சமாதானம் இருக்கட்டும்.

நான் மாட்ஸெலிசோ. மபுட்ஸோவே நகரத் தையல் ஆலையின் தொழிற்சங்கப் பொறுப்பாளர். 'உயிரோடிருக்கும்போதே' மகளிர் குழுவின் தலைவியாக இருந்து நம்மைவிட்டுப் போன நம் அன்புக்குரிய மாபொலேலோ அம்மையாருக்குப் பக்கத்துத் தையல் இயந்திரம் என்னுடையது. அவர், இவர் என்று பேச என் நாக்குக்கு வரவில்லை. அவள் என்றே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாபொலேலோ யார்? ஜீன்ஸுக்குப் பாக்கெட் தைத்தவள். மூன்று பிள்ளைகளுக்குத் தாய். சூப்பர்வைசரை நேருக்கு நேர் பார்த்து, "கத்தாதீங்க அண்ணே, மெஷினுக்குக் காது கிடையாது" என்று சொன்னவள்! அவள் எப்படி இந்தக் குழுவைத் தொடங்கினாள் என்று பலருக்கும் தெரியாது. சொல்லலாமா என்று அவள் மாமியார், அம்மா மாமொட்லாட்சியிடம் கேட்டேன். "முழுசா சொல்லு. என்னை நல்லவளா காட்டணும்னு எதையும் முழுங்காத" என்றார். ஆகவே முழுசாகச் சொல்கிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் மார்பில் கட்டி வந்தது. அப்போது கடைக்குட்டி லினேயோ பால்குடிக்கும் குழந்தை. பால் கட்டியிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். வேறு எப்படி நினைப்பாள்? எல்லைக்கு அப்பால் ப்ளூம்ஃபொன்டெயின் மருத்துவமனையில் பரிசோதித்துப் புற்றுநோய் என்று சொன்னார்கள். ஒரு பக்கத்தை அகற்றினார்கள். ஆலையில் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று ஊரில் நான் பொய் சொன்னேன். அதன்பிறகு மருந்து ஏற்றப் போன நாள்களுக்கெல்லாம் ஓவர்டைம் என்று பொய் சொன்னோம்.

ஏன் மறைத்தாள்? சாவுக்குப் பயந்தா? இல்லை! பிள்ளைகளை இழந்துவிடுவோமோ என்று பயந்தாள். மாடு கொடுத்துப் பெண் எடுத்த வீட்டுக்குத்தான் பிள்ளைகள் சொந்தம். மருமகள் நோயாளி என்று தெரிந்தால் மாமியார் மலையிலிருந்து இறங்கி வந்து மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார். மருமகளை மருத்துவமனைப் பக்கமே விடாமல் வைத்தியச்சி வீட்டில் வேர்க்கஷாயம் குடிக்க வைப்பார். புருஷன் மொட்லாட்சியோ தூரத்தில் சுரங்க வேலையில். அவனிடம் சொன்னால் அவன் அம்மாவிடம் சொன்ன மாதிரிதான். தம்பி, தலையைக் குனியாதே, ஊருக்கே தெரியும்!

மருந்து ஏறிய உடம்பு, மிச்சமிருந்த பக்கத்துப் பாலையும் கொடுக்கக் கூடாது. அந்தக் குழந்தை அவள் சட்டையைப் பிடித்து இழுத்து இழுத்து அழும். இவள் புளித்த கூழைக் கரண்டியில் வைத்துக்கொண்டு கெஞ்சுவாள். "குடிடி என் தங்கமே, இதுவும் அம்மா செஞ்சதுதான்டி." குழந்தை துப்பும். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுவாள், கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி கரண்டியை எடுப்பாள். இதை நான் பார்த்தேன்! என் பகைவர் வீட்டிலும் அப்படி ஒரு காட்சி வேண்டாம்.

முடி கொட்டத் தொடங்கியது. கொத்துக் கொத்தாக விழுவதைப் பிள்ளைகள் பார்த்துப் பயப்படக் கூடாது என்று தானே முழுக்க மழித்துவிட்டாள். தலையில் துணியைக் கட்டிக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழாயடியில், காற்று அந்தத் துணியைப் பிடுங்கியது.

மழித்த தலையோடு ஒரு கல்யாணமான பெண் நின்றால் நம் ஜனம் என்ன நினைக்கும்? புருஷன் போய்விட்டான்! அதிலும் சுரங்கத்தில் இருக்கிற புருஷன்! குழாயடியில் நின்ற மாதூசோ குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் ஊரே திரண்டது. பெண்கள் பெரிய பானைகளோடு, ஆண்கள் மண்வெட்டிகளோடு. மலைக்கும் போன் போனது. அம்மா மாமொட்லாட்சி துக்கப் போர்வையும் மூட்டையுமாக வேன் பிடித்து வந்து இறங்கி, "என் மகனே!" என்று வாசலிலேயே விழுந்தார்.

மாபொலேலோ என்ன நினைத்தாள் தெரியுமா? சுரங்கத்திலிருந்து சேதி வந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் இவர்கள் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள்! அவளும் தரையில் விழுந்து அலறினாள். அவள் அலறியதைப் பார்த்து ஊர் அலறியது. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகள் மூன்றும் அவள்மேல் விழுந்து அழுதன. உண்மை தெரிந்த நானே மொட்லாட்சி செத்துவிட்டான் என்று நம்பிவிட்டேன்!

கடைசியில் நான்தான் மாதூசோவின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"சேதி யாருடி சொன்னது? எந்த ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு?"

"போன் எதுக்குக்கா? அவ தலை சொல்லுதே!"

மாபொலேலோ மெதுவாக நிமிர்ந்தாள். தன் தலையைத் தடவினாள். சிரித்தாள்! புருஷன் உயிரோடுதான் இருக்கிறான் என்று புரிந்த சிரிப்பு. மொட்லாட்சி அந்நேரம் சுரங்கத்துக்குக்கூடப் போகாமல் விடுதியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான் என்று பிறகு தெரிந்தது. ஆனால் மாமியார் சிரிக்கவில்லை.

"அப்ப எதுக்குடி தலைய மழிச்ச?"

பாவம், மாதூசோ நல்ல மனசோடு எடுத்துக் கொடுத்தாள்: "பேனு கீனு வந்துடுச்சா அக்கா?" நான் மனதுக்குள் கத்தினேன், ஆமான்னு சொல்லிடுடி, பேனுன்னு சொல்லிடு! ஒரு சொல் போதும். பானைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் போய்விடுவார்கள். பிள்ளைகள் அவளோடு இருப்பார்கள்.

அவள் சட்டைக்குள் கைவிட்டாள். வெட்டிய இடத்தில் வைத்துக்கொள்ள ஆலையில் மிஞ்சும் ஜீன்ஸ் துண்டுகளைத் தைத்து ஒரு திண்டு செய்து வைத்திருந்தாள். அதை எடுத்து மாமியார் கையில் வைத்தாள்.

"அத்தை, உங்க மகன் சாகல. இதுதான் போச்சு. இன்னும் மருந்து பாக்கி இருக்கு. அதை முடிச்சா நான் பொழைப்பேன்னு டாக்டர் சொல்றாரு."

மாமியார் அதை இப்படிப் புரட்டினார், அப்படிப் புரட்டினார். எழுந்தார். நாங்கள் பயந்த சொல் வந்தது.

"பிள்ளைங்க துணிமணியைக் கட்டு."

மாபொலேலோ வாசற்படியில் குறுக்கே நின்றாள். நிற்கவே தெம்பில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். பெரியவள் பொலேலோ அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, எம் புருஷன் செத்துட்டான்னு மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்தீங்களே, எத்தனை நாள் தங்கறதா வந்தீங்க?"

"அடக்கம் முடியற வரைக்கும். அதுக்கு மேலயும்தான். அதுல என்னடி கேள்வி?"

"செத்தவனுக்காக அத்தனை நாள் தங்குவீங்க. உயிரோட இருக்கறவளுக்காகத் தங்க மாட்டீங்களா?" ஊரைப் பார்த்துத் திரும்பினாள். "நீங்கல்லாம் பானையோட வந்திருக்கீங்க. நான் செத்தாலும் இதே பானையோட வருவீங்க. எம் பிள்ளைங்களுக்கு இன்னைக்கே கஞ்சி காய்ச்சினா என்ன கொறைஞ்சு போயிடும்?"

மாமியார் முகம் கல்லாக இருந்தது. போய்விடுவார், பிள்ளைகளோடு போய்விடுவார் என்றே நான் நினைத்தேன். அவர் மூட்டையை அவிழ்த்தார். தன் போர்வையை எடுத்து அந்த மழித்த தலையை மூடினார். "உள்ள போய் படு. குளிருது" என்றார். பிறகு மாதூசோவைப் பார்த்து ஒரு அதட்டல்: "பானைய வச்சிக்கிட்டு என்ன வேடிக்கை? அடுப்பப் பத்த வை!"

பெருமக்களே! அன்று எரிந்த அடுப்புதான் நம் குழு! சாவுக்குச் செய்கிறதையெல்லாம் சாவதற்கு முன்னால் செய்வோம் என்று அவள் சொன்னாள். சமைக்கிறோம், தண்ணீர் எடுக்கிறோம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறோம், தாய் நிம்மதியாக மருத்துவமனைக்குப் பேருந்து ஏறுகிறாள். எத்தனை பெண்கள் அப்படிப் போய்த் திரும்பினார்கள்! எத்தனை பிள்ளைகளுக்குத் தாய் மிஞ்சினாள்! அவள் நோய் போன வருஷம் திரும்பி வந்தது, இந்த முறை மருந்துக்கு அடங்கவில்லை. ஆனால் பொலேலோ வளர்ந்துவிட்டாள், தும்மினால்கூட அம்மாவைக் கூப்பிடும் லினேயோவும் கடைசிவரை தாய் மடியில்தான் வளர்ந்தாள். இது சாதாரணமா?

அவள் வேலை நிற்காது. இந்த அவையின் முன் குழுவின் பெயரால் நான் உறுதி சொல்கிறேன், நிற்காது!

இன்னும் ஒன்று இருக்கிறது. போன வாரம் படுக்கையில் இருந்தபடி அவள் என்னிடம் ஒரு பெயரைச் சொன்னாள். கட்டியை யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொண்டு, கைக்குழந்தையோடு இருக்கிற ஒரு பெண். அவள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள். யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள்! அவள் புருஷனும் இருக்கிறான், மாமியாரும் இருக்கிறார். "பேரை சபையில சொல்லிடாத. ஆனா திங்கக்கிழமை அவ பஸ் ஏறலேன்னா சொல்லிடு" என்றாள் மாபொலேலோ.

மகளே, சனிக்கிழமை அடக்கம். திங்கட்கிழமை விடியும்போது பேருந்து. உன் பிள்ளைகளுக்குப் பானை தயார். அம்மா மாமொட்லாட்சி இன்று காலையே தன் மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு, எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?