திரையிலிருந்து விழுந்த ‘நாங்கள்’

தலைமை நாற்காலிக்குத் தகுதி சேர்க்கும் போதகர் ஐயா அவர்களே, முன்வரிசையில் முகம் இறுகி அமர்ந்திருக்கும் கமிட்டிப் பெரியோர்களே, பாடற்குழுப் பிள்ளைகளே, வேலை முடிந்த கையோடு வந்திருக்கும் என் அருமைத் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

வாழ்த்திப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். நம் ஆராதனை முறைமையைப் புதுப்பித்துத் திரையில் ஓட்டுகிறார்களாம், அதற்கு வாழ்த்து. மன்னியுங்கள், வாழ்த்து வரவில்லை; கோபம்தான் வருகிறது.

முதலில் திரையில் வந்த பாவ அறிக்கை என்ன? “ஆண்டவரே, நாம் பாவம் செய்தோம்.” ‘நாங்கள்’ இருந்த இடத்தில் ‘நாம்’. செயலாளரைக் கேட்டேன். “கொஞ்சம் நெருக்கமா இருக்கும்னுதாம்மா” என்றார். யாரோடு நெருக்கம்? கேட்பவரையும் சேர்த்துக்கொள்வதல்லவா ‘நாம்’? கடவுளிடம் போய், நீரும் நானும் சேர்ந்தே பாவம் செய்தோம் என்றா சொல்வது? சிரிக்கிறீர்கள். கான்வென்டில் நான் இப்படி எழுதியிருந்தால் சிஸ்டர் என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பார். இங்கே ஒரு சபையே எழுந்து நின்று சொன்னது!

பிழையை ஒப்புக்கொண்டார்கள். ‘நாங்கள்’ திரும்பி வந்ததா? இல்லை. மறுவாரம் ‘நான்’ வந்தது. அவரவர் பாவத்தை அவரவர் மனதுக்குள், மெல்லிய இசையோடு சொல்லிக்கொள்ள வேண்டுமாம். பிழை போயிற்று; கூடவே சபையும் போயிற்று.

நம் லுத்தரன் ஆராதனையில் பாவ அறிக்கையின்போது போதகர் ஏன் பீடத்தைப் பார்த்து நிற்கிறார்? நமக்கு முதுகு காட்டவா? இல்லை. நம்மோடு நிற்கும் பாவியாக நிற்கிறார். பிறகு நம் பக்கம் திரும்பி, தமது சொல்லாக அல்ல, கிறிஸ்துவின் சொல்லாக மன்னிப்பை அறிவிக்கிறார். அந்த ‘நாங்கள்’ என்ற சொல்லுக்குள் முதலாளி உண்டு, தொழிலாளி உண்டு, கமிட்டி உண்டு, கண்டிப்புக்காரியான நானும் உண்டு. கடவுள் ஒருவர்தான் அதற்கு வெளியே. என் கணவரை அடக்கம் செய்த மறுவாரம் எனக்குக் குரல் எழவில்லை. எனக்கும் சேர்த்துச் சொன்னது உங்கள் ‘நாங்கள்’தான்.

நம் சபையில் துணி தேய்க்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் மகன் குடித்துவிட்டு வேன் ஓட்டி, சாலையைக் கடந்த ஒரு தாயைக் கொன்றான், சிறையில் இருக்கிறான். அன்றிலிருந்து அவள் பெஞ்சில் வேறு யாரும் உட்காருவதில்லை. விலகிப் போனவர்கள் யார் யாரென்று நான் சொல்ல வேண்டாம், குனிந்த தலைகளே சொல்கின்றன. அப்போதும் அவள் வந்தாள். ‘நான்’ வந்த பிறகுதான் நின்றுவிட்டாள். தேடிப் போனேன். தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்:

“எல்லாரும் நாங்கள்னு சொல்லும்போது நானும் அதுக்குள்ள இருந்தேன்க்கா. இப்ப கண்ண மூடினா நான் மட்டும்தான் இருக்கேன். அதுக்கு வீட்டுலயே இருந்துக்கறேன்.”

பெரியோர்களே, பாவம் என்ற பேச்சைக் கேட்டால் புதிதாக வருகிறவர்கள் ஓடிவிடுவார்கள் என்றீர்களே, இப்போது ஓடியது யார்? மன்னிப்பைத் தேடி வந்தவளை மறுபடியும் மனப்பாரத்தோடு அனுப்புவதா ஆராதனை? அழகான இசையா அவளுக்கு ஆறுதல்?

கைதட்ட வேண்டாம். தட்டிய கையோடு வீட்டுக்குப் போய்விடுவீர்கள்.

வரும் ஞாயிறு அவளை அழைத்து வந்து, அவளருகே உட்காருவேன். திரையில் எது வேண்டுமானாலும் ஓடட்டும். பழைய அறிக்கையை வாய்விட்டுச் சொல்வேன். ஆனால் இரண்டு பெண்கள் மட்டும் சொன்னால் அது சபையின் குரல் ஆகாது. எழுந்து வாருங்கள், அந்தப் பெஞ்சை நிரப்புங்கள். போதகர் ஐயா, நீங்கள் பீடத்தின் பக்கம் திரும்புங்கள்.

கசப்பைப் பொறுத்துக் கேட்ட காதுகளுக்கு நன்றி. கர்த்தர் உங்களோடிருப்பாராக. அதற்கு ஆராதனையில் சபையாகச் சொல்வீர்களே, அந்தப் பதிலை ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பெஞ்சிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.