பதினேழு என்று சொன்ன குரல்

நடந்ததை நடந்தபடியே சொல்வேன். எனக்கு வசதியானதை மட்டும் பொறுக்கிச் சொல்லமாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் நடுவில் பயந்து நிறுத்த முடியாது. அதற்காகத்தான் இப்படித் தொடங்குகிறேன்.

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் தலைவர் பல் டாக்டர் அவர்களே, முன்வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் கார்டு மாமாவின் வீட்டு அத்தை அவர்களே, ஈர மழைக்கோட்டை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு வந்து அமர்ந்திருக்கும் மலைப்பாதை மிதிவண்டிச் சங்கத்தாரே, எல்லோருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற என்னைப் பேச அழைத்ததற்குக் காரணம், சங்கத்தின் பயணக் குறிப்பேட்டை எழுதுகிறவள் நான் என்பதுதான். இரண்டு நிமிடம் என்றார்கள். மன்னிக்க வேண்டும், அதற்குள் முடியாது.

நம்மை விட்டுப் போனவர் யார்? மலைக்குப் போன ரயிலின் கார்டு. முப்பத்தொரு ஆண்டுகள் கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக்கொடி அசைத்தவர். ரயிலை நிறுத்தினார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். கார்டு மாமா மட்டும் அந்த வழியை விட்டு இறங்கவில்லை.

"ரயிலுக்கே மூச்சு வாங்கக் கூடாதுன்னு பாத்துப் பாத்துப் போட்ட ஏத்தம்யா இது. சைக்கிள் மிதிக்கிற மனுஷனுக்கா வாங்கப் போவுது?" இதை அவர் எத்தனை அலுவலகத்தில் சொல்லியிருப்பார்? ஒன்பது வருடம் படியேறினார். ஒரு அதிகாரி அவரைப் பார்த்ததும், "வந்துட்டாருய்யா, வண்டி இல்லாத கார்டு" என்பாராம். மாமா சிரித்துக்கொண்டே, "வண்டி நீங்க குடுங்க சார், கார்டு நான் இருக்கேன்" என்பாராம்.

கடைசியில் தண்டவாளம் கிடந்த வழியிலேயே சைக்கிள் பாதை வந்தது. ஆற்றங்கரையில் தொடங்கி மலையின் தோள் வரைக்கும் முப்பத்தெட்டு கிலோமீட்டர். ஒரு லாரி இல்லை, ஒரு கார் இல்லை, ஒரு ஹாரன் சத்தம் இல்லை. மூன்று சுரங்கங்கள். ஆடுகள் மேயும் சரிவுகளின் நடுவே பதினொரு கேட்டுகள்; ஆடு தாண்டாமல் இருக்க, கடைசியில் வருகிறவர் சாத்திவிட்டு வர வேண்டும். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் பெரிய சாலையில் சைக்கிளை எடுக்கவே பயந்தவர்கள். தையல்கார அக்காவுக்கு முழங்கால் வலி. எனக்கு வீசிங். நாங்கள் மலையேறினோம். யாரால் ஏறினோம்?

அவர் எப்போதும் கடைசியில்தான் வருவார். அவருக்கு முன்னால் நான். பதினேழு பேரில் நான் பதினாறு, அவர் பதினேழு. நான் எப்போதும் புத்தகமும் கையுமாக இருப்பதால் என்னை 'லைப்ரரி' என்றுதான் கூப்பிடுவார்.

"என்னம்மா லைப்ரரி, மூச்சு வாங்குதா?"

"இல்ல மாமா."

"அப்ப எனக்குத்தான் வாங்குது. கொஞ்சம் நில்லு."

அவருக்கு ஒருநாளும் மூச்சு வாங்கியதில்லை. எனக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

அவருடைய சைக்கிளின் பின்னால் இருந்த சிவப்பு விளக்கு இதோ, மேசைமேல் இருக்கிறது. ரயிலில் ஒரு வழக்கம் உண்டாம். வண்டி ஸ்டேஷனைக் கடக்கும்போது கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்களாம். அதைப் பார்த்தால்தான் வண்டி முழுசாக வந்ததாக அர்த்தம். இல்லையென்றால் நடுவில் எங்கோ பெட்டி கழன்றுவிட்டது. அதனால்தான் நமக்கும் எண் சொல்லும் வழக்கத்தை வைத்தார். முதலில் போகிற டாக்டர் 'ஒன்று' என்பார். ஒவ்வொருவராகச் சொல்லி, பின்னாலிருந்து 'பதினேழு' என்று கேட்டால் கிளம்பலாம்.

இதில் அவர் ஒரு விதியும் வைத்திருந்தார். "சுரங்கத்துக்குள்ள பாடுங்க, கத்துங்க, நாய் மாதிரி ஊளைகூட விடுங்க. நம்பர் மட்டும் சொல்லாதீங்க. எதிரொலி ஒருத்தனை ரெண்டு பேரா ஆக்கிடும்."

அவரை இழந்த அன்றைக்கு, மூன்றாவது சுரங்கத்துக்குள் எண் சொன்னோம். வெளியே கொட்டுகிற மழை. "இங்கயே எண்ணிடலாம்பா, வெளிய போய் யார் நனையறது" என்றார் டாக்டர். யாரும் மறுக்கவில்லை. ஒன்று, இரண்டு என்று இருட்டுக்குள் போனது. தையல்கார அக்கா பதினைந்து என்றார். நான் பதினாறு என்றேன். பின்னால் சத்தம் இல்லை.

நான் திரும்பிப் பார்த்தேன். சுரங்கத்தின் வாய் மட்டும் வெளிறித் தெரிந்தது. சிவப்பு விளக்கைக் காணவில்லை. ஏதாவது கேட்டைச் சாத்திக்கொண்டிருப்பார், இதோ வந்துவிடுவார் என்று நினைத்தேன். எல்லோருக்கும் குளிர், பசி. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அவர் இழுக்கிற மாதிரியே இழுத்து, "பதினே...ழு" என்றேன்.

ஆமாம். அதைச் சொன்னது நான்.

விளையாட்டாகத்தான் சொன்னேன். அக்காவாவது சிரிப்பார் என்று பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் நம்பிவிட்டார்கள். எதிரொலிக்குள் என் குரல் அவ்வளவு நன்றாகப் பொருந்திவிட்டது. "சரி, போலாம்" என்று டாக்டர் மிதித்தார். எல்லோரும் மிதித்தோம்.

சுரங்கத்தைத் தாண்டியதும் வரும் பழைய ஸ்டேஷன் கட்டடத்தில் அடுப்பு எரிந்தது. காலுறைகளைக் காயவைத்தோம். சூப் குடித்தோம். யாரோ, "கார்டு எங்கப்பா?" என்று கேட்டார்கள். "சுரங்கம் வரைக்கும் வந்தாரே. வாசல்ல சைக்கிளைத் துடைச்சிட்டு இருப்பார்" என்று பதில் வந்தது. அப்போது சொல்லியிருக்கலாம். அந்த நிமிடமே எழுந்து, 'சொன்னது நான்' என்று சொல்லியிருக்கலாம். திட்டுவார்களே என்று சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இருபது நிமிடம் ஆனது. நாற்பது ஆனது. நேரம் போகப்போகச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது. கடைசியில் தேடிப் போகலாம் என்று சொன்னதும் நான் இல்லை, தையல்கார அக்கா. ஒரு மணி ஐம்பது நிமிடம் கழித்து அவரைக் கண்டுபிடித்தோம்.

எங்கே கண்டுபிடித்தோம்? சுரங்கத்துக்குக் கீழே, நாங்கள் ஏறி வந்த பக்கம். ஏழாவது கேட்டுக்கும் எட்டாவது கேட்டுக்கும் நடுவில், மரப்பலகைப் பாலத்துக்குக் கீழே. தொடை எலும்பு முறிந்திருந்தது. அது உயிரை எடுக்கிற காயமில்லை, அரைமணி நேரத்தில் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பார், குளிர்தான் கொன்றது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

பாதை வாரியத்திலிருந்து விசாரிக்க வந்தார்கள். "எண்ணிக்கை சரியாக இருந்ததா?" என்று கேட்டார்கள். நம் டாக்டர், "பதினேழும் வந்துது சார், என் காதால கேட்டேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. கேட்டதைத்தான் சொன்னார். அதை வைத்து அவர்கள் எழுதிய அறிக்கையை நான் படித்தேன். 'சுரங்கத்தை அடைந்த பிறகு, யாரிடமும் சொல்லாமல், குழுவை விட்டுத் தனியே திரும்பிச் சென்றுள்ளார். இத்தனை அனுபவமுள்ளவரே தவறி விழும் பாதை பொதுமக்களுக்கு ஆபத்தானது; மூடப்பட வேண்டும்.'

பத்து நாட்களுக்கு முன்னால் அத்தை வீட்டுக்கு அம்மாவோடு போயிருந்தேன். அத்தை அந்த அறிக்கையை மடித்துக் கண்ணாடிக்கூட்டுக்குள் வைத்திருந்தார். "முப்பத்தொரு வருஷம் வண்டியை விட்டு இறங்காத மனுஷன்மா. அன்னைக்கு மட்டும் ஏன் உங்களையெல்லாம் விட்டுட்டு இறங்கிப் போனார்? அவர் மேல எனக்குக் கோவமா வருது. செத்தவர் மேல கோவப்படலாமா சொல்லு" என்று கேட்டார். அம்மா அழுதார்.

அத்தை, அவர் இறங்கவில்லை. அவர் சுரங்கத்துக்கு வந்து சேரவே இல்லை. ஆடு மேய்க்கிற அம்மாவிடம் போய்க் கேட்டேன். நாங்கள் போன பிறகு இரண்டு ஆடுகள் ஏழாவது கேட்டைத் தாண்டி வந்துவிட்டனவாம். மாமா அவற்றைத் திருப்பி ஓட்டிவிட்டு, கேட்டைச் சாத்தி, கயிற்றை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டு, "புள்ளைங்க காத்திருக்கும்" என்று சொல்லி வேகமாக மிதித்தாராம். அந்த முடிச்சு இன்னும் அப்படியே இருக்கிறது. கார்டு வண்டியை விட்டு இறங்கவில்லை, அத்தை. வண்டிதான் கார்டை விட்டுவிட்டுப் போனது. அவர் விளக்கு தெரியாமலேயே, வண்டி முழுசாக வந்துவிட்டது என்று சொன்னவள் நான்.

இதைச் சொன்னால் பாதையாவது மிஞ்சும் என்று நேற்று வாரிய அலுவலகத்துக்குப் போனேன். டாக்டரும் கூட வந்தார். அங்கிருந்த அதிகாரி முழுவதும் கேட்டார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். "நீ சொல்றது உண்மையாத்தான் இருக்கும் பாப்பா. போன வாரமே வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம். ஃபைலை மூடியாச்சு. பாதையைக் குவாரி லாரிக்குன்னு எழுதிக் குடுத்தாச்சு" என்றார். போன வாரம் நான் எங்கே இருந்தேன்? வீட்டில், பரீட்சைக்குப் படிப்பதுபோல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதல் கேட்டில் சங்கிலி போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை மண் வெட்டும் எந்திரம் வருகிறது.

இரங்கல் உரையின் முடிவில், அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுப்பது வழக்கம். எந்தப் பாதையில் தொடர்வது? லாரிகளுக்கு நடுவில் என்னால் சைக்கிள் ஓட்ட முடியாது. அக்காவாலும் முடியாது. முடியாததற்கு உறுதி கொடுத்தால் அது இன்னொரு பொய். என்னால் கொடுக்க முடிந்தது ஒன்றுதான். என்னுடையது அல்லாத எண்ணை இனி ஒருநாளும் சொல்லமாட்டேன். உங்களிடம் கேட்பதும் ஒன்றுதான். இன்று ஒருமுறை, சரியாக எண்ணிவிடுவோம்.

இதுவரை எழுதி வைத்து வாசித்தது. மீதியைக் குறிப்பேட்டில் பிறகு சேர்த்தேன்.

வாசித்து முடித்தேன். அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்ப அவர் இறங்கல."

"இல்ல, அத்தை."

"சரி" என்றார். அவ்வளவுதான். என்னைக் கிட்டே கூப்பிடவில்லை. நான் போகவும் இல்லை.

டாக்டர் எழுந்து நின்று "ஒன்று" என்றார். இரண்டு, மூன்று என்று நாற்காலி நாற்காலியாகப் போனது. அக்கா பதினைந்து என்றார். நான் பதினாறு என்றேன். அப்புறம் காத்திருந்தோம். கூரைமேல் மழை கேட்டது.

ஒவ்வொருவராக மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்கள். அத்தை மேசைமேல் இருந்த சிவப்பு விளக்கைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மண்டபத்துக் காவலாளி வாசலிலிருந்து உள்ளே எட்டிப் பார்த்து, "எல்லாரும் வெளிய வந்தாச்சா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பிறகு விளக்குகள் அணைக்கப்பட்டன.