முப்பத்திரண்டு கட்டமும் முதல் வரிசையும்

மாலை வெயிலைப் பொருட்படுத்தாமல் மாலையைச் சுமந்து அமர்ந்திருக்கும் விழாத் தலைவர், ஏலக்காய் வணிகர் வைகுண்டராஜ் அவர்களே! கம்பம் நகரின் காதுகளில் பத்தாண்டுகளாகத் தட்டச்சு ஓசையை ஊற்றிவரும் பயிலக முதல்வர் சாராள் அம்மையார் அவர்களே! சுற்றிலும் மார்ஜின் விட்டு அமர்ந்திருக்கும் சான்றோர்களே! மார்ஜினே விடாமல் நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! அனைவருக்கும் இந்தப் பயிலகத்தில் மனுவும் கடிதமும் அடித்துக் கொடுக்கும் ஜாப் டைப்பிஸ்ட் சங்கரலிங்கத்தின் பணிவான வணக்கம்.

தட்டச்சு என்றால் என்ன? தட்டுவதா? தட்டுவதற்கு உரல் போதும், உலக்கை போதும். எந்த இடத்தில் தொடங்குவது, எந்த இடத்தில் நிறுத்துவது, தலைப்பை எப்படி நடுவில் நிறுத்துவது, கட்டத்தை எப்படி நேராக இறக்குவது, அதுவல்லவா தட்டச்சு! என்ன, அங்கே சிரிப்பு? நடுவில் நிற்காத தலைப்பைப் பார்த்து மூன்று நாள் சோறு இறங்காதவன் ஐயா நான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, சுருளிப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஊரார் அத்தனை பேரும் மேடையில் நாற்காலி கேட்பார்கள். அந்த ஊரிலிருந்து திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் மலையம்மாள் என்னிடம் வந்தார். அவர் மகள் பூமாரி எட்டாவது தேறிவிட்டாள். இனி கம்பத்துக்கு வந்துதான் படிக்க வேண்டும். காலையில் பஸ் கிடையாது. ஜூன் மாதத்துக்குள் பஸ் வராவிட்டால் பிள்ளையும் தோட்டத்துக்குத்தான். மனு எழுத வேண்டும் என்றார்.

மனு எழுதினோம். மதுரையில் ஒரு பெரிய அலுவலகம் அதைத் திருப்பி அனுப்பியது. குடும்பத் தலைவர்களின் பெயர், வீட்டில் எத்தனை பேர், எங்கே போக வேண்டும் என்பதை அட்டவணையாகத் தருக என்றது. அட்டவணை என்றதும் என் விரல்கள் பத்தும் துள்ளின. ஆனால் அட்டவணைக்கு முதல் வரிசை என்று ஒன்று இருக்கிறதே, அங்கே பிடித்தது வினை!

ஊரில் மலையம்மாள் வீடு போக முப்பத்தொரு வீடு, முப்பத்தொரு பெரிய மனிதர்கள். முப்பத்தொரு பேருக்கும் முதல் வரிசை வேண்டும். அகர வரிசை என்றேன். அதில் பின்னால் போகும் முத்துக்கருப்பன் எழுந்து, அகரம் என்ன முன்னால நிக்கிறவுக வீட்டுச் சொத்தா என்று கேட்டார். வயது வரிசை என்றேன். ஒரே வாரத்தில் ஊரே கிழடு தட்டிப்போனது. சுருளிவேல் தன் தகப்பனாரைவிட மூன்று வயது மூத்தவரானார்! சண்டையில் ஏப்ரல் போனது, மே பாதி போனது. மலையம்மாள் மட்டும் வாரம் தவறாமல் வந்து பயிலக வாசலில் நின்றார். அவரைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் ஒரு கலியாண வீட்டில் எனக்கு விடை கிடைத்தது. நம் ஊரில் முதல் பந்தி கிடைக்காவிட்டால் மாமன் மச்சான் உறவே முறியும். ஆனால் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டால், எத்தனையாவது இலை என்று எவராவது கேட்டதுண்டா? கேட்டதுண்டா, தாய்மார்களே? கிடையாது!

ஆகவே பெயர்களை மேலிருந்து கீழே இறக்கவில்லை. அத்தனை பேரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தேன். முழுத்தாளை அகலவாட்டில் போட்டு, தாளுக்கு நான்கு கட்டம். எட்டுத் தாள். மைதாப் பசை போட்டு ஒட்டினால், ஆறு முழ நீளத்தில் ஒரே முதல் வரிசை! முப்பத்தொரு பேரும் மகிழ்ந்தார்கள். கடைசித் தாளின் ஓரத்தில் ஒரு கட்டம் மிஞ்சியது. உங்க பேரை இந்த ஓரத்துலயா போடுறது என்று மலையம்மாளிடம் தயங்கினேன்.

"எங்கன வேணும்னாலும் போடுங்கண்ணே. பஸ்சு வந்தாச் சரி" என்றார்.

போட்டேன். இடப்பக்கத்திலிருந்து பாய்போல் சுருட்டி, சுருளிவேல் கையில் கொடுத்து மதுரைக்கு அனுப்பினேன். அதிகாரி விரித்தாராம். மேசை போதவில்லை. ஒரு முழம் விரித்தவர், வெளிப்பக்கம் இருந்த கடைசிக் கட்டத்தை மட்டும் படித்தாராம்: மலையம்மாள், வீட்டில் இருவர், போக வேண்டிய இடம் பள்ளிக்கூடம். அப்படியே சுருட்டி வைத்துவிட்டாராம்.

ஜூன் முதல் வாரம் உத்தரவு வந்தது. என்னவென்று? "மலையம்மாள் மற்றும் பலர் அளித்த மனுவின்பேரில், காலை ஏழரை மணிக்குப் பேருந்து விட அனுமதிக்கப்படுகிறது."

கைதட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள்! முப்பத்தொரு முதல் வரிசைக்காரர்களும் மற்றும் பலர் ஆனார்கள். முத்துக்கருப்பன் என்னைத் தனியே அழைத்துப் போனார்.

"அந்தப் பலர்ல மொத ஆளு யாருன்னு மதுரையில கேட்டுச் சொல்றீகளா?" என்றார்.

பெரியோர்களே! முதல் வரிசைக்கு முண்டியவர்களை முகவரியில் காணோம். மகள் படிக்க வேண்டும் என்ற ஒன்றைத் தவிர வேறு எதையும் கேட்காத தாயின் பெயர், அரசாங்க முத்திரைக்கு மேலே, உத்தரவின் தலைப்பிலேயே நட்டநடுவில் நின்றது. அதை நான் எண்ணிப் பார்த்தேன், இருபுறமும் சரியான இடைவெளி!

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன். அந்தப் பஸ்சில் வந்து படித்துத் தேறிய பூமாரி, இப்போது தமிழ்த் தட்டச்சு லோயர் தேர்விலும் தேறி, இதோ சான்றிதழுக்காகக் காத்திருக்கிறாள். பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பேசவிட்ட சாராள் அம்மையாருக்கும் என் நன்றி. தலைவர் அவர்களே, சான்றிதழை எந்த வரிசையில் வேண்டுமானாலும் கொடுங்கள், கொஞ்சம் சீக்கிரம் கொடுங்கள். அவள் ஊருக்குக் கடைசிப் பஸ் ஐந்தேகாலுக்கு. வணக்கம்!