கொம்பன் ஆந்தைக்குக் குரல் கொடுத்தவன்

இரண்டாயிரத்து இருபத்து நான்காம் ஆண்டு, நவம்பர்த் திங்கள் பதினேழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. பகலெல்லாம் தூறிய மழை மாலையில் ஓய்ந்திருந்தது. காற்றில் அசைவில்லை... நேரம் ஆறரை. பெரம்பலூரிலிருந்து அரியலூர் செல்லும் சாலையை விட்டு விலகி, கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை நோக்கி ஒரே ஒரு பைக் சென்றுகொண்டிருந்தது.

கைப்பேசிகளை அணைத்துவிட்டு நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பர் உத்திராபதியின் அக்காள் மகள் சிவரஞ்சனிக்கு நேர்ந்தது.

அவள் பல்கலைக்கழகத்தில் சூழலியல், பரிணாமவியல் ஆய்வகத்தின் மூன்றாம் ஆண்டு மாணவி. பின்னால் அமர்ந்திருந்த அறிவரசன், வாலிகண்டபுரத்துக்காரன், அந்த ஆய்வகத்தில் சேரத் துடித்துக்கொண்டிருந்தவன். சேர்வதற்கு முன்பே பச்சைச் சட்டை, கழுத்தில் தொலைநோக்கி! ஆந்தைக்கும் கூகைக்கும் வேறுபாடு அறியாதவனுக்குத் தோரணையில் மட்டும் குறைவில்லை.

பேராசிரியர் லீலாவதியின் நிபந்தனை இதுவே: அச்சுரங்கத்தில் கொம்பன் ஆந்தை வாழ்வதைத் திங்கட்கிழமைக்குள் ஒலிப்பதிவால் மெய்ப்பித்தால் அவனுக்கு இடம். இல்லையேல் அடுத்தவனுக்கு.

முறை எளிது. பதிவுக் கருவியை மரத்தில் கட்டிவிட்டு, ஒலிபெருக்கியில் ஆந்தையின் குரலை ஒலிக்கவிட வேண்டும். உண்மையான ஆந்தை இருந்தால் பதில் கூவும். தொடக்கத்திலும் முடிவிலும் பதிவாளர் தன் வாயால் நேரத்தைச் சொல்ல வேண்டும். முடிவு சொல்லப்படாத பதிவு செல்லாது.

"பதிவு தொடக்கம். நேரம் மாலை ஆறு ஐம்பது. பதிவாளர் அறிவரசன்." செய்தி வாசிப்பவனைப் போலச் சொன்னான்.

ஒலிபெருக்கி கூவியது. பதில் இல்லை... மீண்டும் கூவியது. ஈரச் சுண்ணாம்பின் வாடை மட்டுமே குழியிலிருந்து எழுந்தது.

"ஒன் சட்டையப் பாத்தே ஆந்த ஊரக் காலி பண்ணிருச்சுடா" என்றாள் சிவரஞ்சனி.

"அந்தப் பக்கம் எறங்கிப் பாத்துட்டு வரேங்க்கா" என்று அவன் குழிக்குள் இறங்கினான்.

சற்று நேரத்தில் கீழிருந்து... பூ... பூஊ... க்கும்.

அந்த இறுதி இருமலிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. ஆந்தைக்குச் சளி பிடிப்பதில்லை. கைகளைக் குவித்து அவனே கூவுகிறான்! மோசடியைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாதவன். காலையில் பதிவை லீலாவதியிடம் போட்டுக் காட்டுவது என்று அவள் முடிவு செய்தாள்.

அப்போது எதிர்ச்சுவரிலிருந்து பதில் வந்தது. பூ... பூஊ... க்கும்.

எதிரொலி என்றே எண்ணினாள். ஆனால் அடுத்த பதில் நெருங்கி வந்தது. அதற்கடுத்தது இன்னும் நெருங்கி... பின்னர் அவன் கூவுவதற்கு முன்பே பதில் வந்தது. அதன்பின் அவன் கூவவேயில்லை.

அறிவரசன் மேலேறி வந்தான். சட்டையில் வெண்சேறு. "போலாம்க்கா... க்கும்" என்றான். முடிவு நேரத்தை அவன் சொல்லவில்லை. அவளும் நினைவூட்டவில்லை, செல்லாமல் போகட்டும் என்று விட்டாள். கருவி விடியும்வரை மரத்திலேயே இருப்பது வழக்கம். இருவரும் அரியலூர் பேருந்து நிலையத்துக்குச் சென்று, எதிரெதிரே அமர்ந்து தேநீர் அருந்தினர். மணி ஏழே முக்காலை நெருங்கிக்கொண்டிருந்தது. "டீ சூடா இல்ல... க்கும்" என்றான். குவளையிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை அவன் சொல்லை நம்பி லீலாவதி இடம் கொடுத்துவிட்டார். இன்றும் அவன் அங்கேதான் இருக்கிறான். ஒவ்வொரு வாக்கியத்தையும் அந்த இருமலோடுதான் முடிக்கிறான். குரலைக் கொண்டு உயிரினங்களைப் பிரித்தறியும் அந்த மேதைகள், அது சளி என்று முடிவு கட்டிவிட்டார்கள். சிவரஞ்சனி மட்டும் ஆய்வகத்தை விட்டு விலகினாள்.

ஏனெனில், அன்று காலை சுரங்கத்துக்குச் சென்று கருவியை அவிழ்த்துக் கேட்டவள் அவள்தான். கூவல்கள் இருந்தன. "போலாம்க்கா" இருந்தது. பைக் கிளம்பிச் செல்லும் ஓசை இருந்தது. பிறகு சில்வண்டுகள்... வெகுநேரம் சில்வண்டுகள் மட்டும்... கல் ஒன்று உருளும் ஓசை. குழிக்குள்ளிருந்து அறிவரசனின் குரல், இருமல் இல்லாமல்.

"அக்கா... வண்டிய நிறுத்துங்க. நான் இன்னும் ஏறலங்க்கா."

ஆட்களைக் கூட்டிக் குழி முழுவதும் தேடினார்கள். மழைநீர் கணுக்கால் அளவு தேங்கியிருந்தது. வேறொன்றும் இல்லை.

பதிவில் அதற்குப் பின்னும் ஒரு வரி உண்டு. எப்படியாவது அந்த இடம் கிடைத்துவிட வேண்டும் என்று நினைப்பவனின் அழுகுரல் அது. முறை தவறாமல் சொல்லியிருந்தான்:

"பதிவு முடிந்தது. நேரம்... இரவு ஏழு நாற்பத்திரண்டு."