எல்லார் பேரிலும்

— பிறகு எப்படித்தான் வேலைப் பதிவு ஆப்ல எல்லாக் கட்டமும் பச்சையா இருந்துச்சு ஃபோர்மேன்? யாருமே அந்த ஆப்பைத் தொட்டதில்லைங்கிறீங்க.

— கையைப் பாருங்க சார். இந்தக் கிரீஸோட தொட்டா போன் வழுக்கி எண்ணெய்த் தொட்டியிலதான் விழும்.

— விளையாடாதீங்க. எந்த மோட்டாரை யார் கழட்டினாங்க, யாருக்கு என்ன பேரிங் வேணும், எல்லாம் அன்னன்னைக்கே ஏறியிருக்கு. உங்க பட்டறையைக் காட்டித்தான் மத்த கிளைகளுக்கும் இதை வாங்க வச்சேன். இப்போ ஒரு மாசமா காலியா கிடக்கு.

— ஹெட் ஆபீஸ்ல இருந்து பாத்தா அவ்வளவுதான் தெரியும் சார். இங்க ஒரே மோட்டாருக்கு ரெண்டு பேர் காயில் சுத்தி வச்சிருக்கானுங்க. ஸ்டோர்ல பேரிங் தூங்குது, இங்க ஒருத்தன் பேரிங் வரலைன்னு தூங்குறான்.

— அப்போ போன மாசம் வரைக்கும் யார் ஏத்தினது?

— ஸ்டோர் அக்கா. சாயங்காலமானா ஒவ்வொரு மேஜையா வந்து நிப்பாங்க. ‘என்ன ராசா, இன்னைக்கு எதைக் கெடுத்த?’ம்பாங்க. நாங்க சொல்லச் சொல்ல அவனவன் பேர்ல போட்டுடுவாங்க. பாஸ்வேர்ட் எல்லாம் அவங்ககிட்டதான். ‘அந்தப் பம்பை அவன் எடுத்துட்டான், நீ கை வைக்காத’ன்னு அப்பவே காதுலயும் போட்டுடுவாங்க. வேலை நடந்தது அந்த வாயாலதான் சார்.

— இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே.

— ஆப் தெரியாதவனை வீட்டுக்கு அனுப்புவோம்னு சுற்றறிக்கை விட்டது யாரு? அக்காதான் மூச்சு விடாதீங்கன்னாங்க.

— சரி விடுங்க. அவங்களைக் கூப்பிடுங்க. மத்த கிளைகளுக்கும் அவங்களே வந்து சொல்லிக் கொடுக்கட்டும்.

— எங்க இருந்து கூப்பிடறது? போன மாசம் ஆள் குறைப்புல அனுப்பினீங்களே.

— அந்தம்மாவா?

— அவங்களேதான்.

— அவங்க பேர்ல ஒரு பதிவுகூட இல்லையே. வருஷம் பூரா சும்மா உட்கார்ந்திருக்காங்கன்னுதான் நான்... நீங்க யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா.

— சொல்லியிருக்கணும். அவனவன் வேலை அவனவனுக்குப் பெருசாப் போச்சு. நானும் தலையைக் குனிஞ்சு ஸ்குரூ திருகிக்கிட்டு நின்னேன்.

— கடைசி நாள் உங்ககிட்ட எதுவும் சொல்லலையா?

— ஸ்டோர் சாவியை என் கையில வச்சாங்க, போனை எடுத்தாங்க. ‘ஸ்டோர் ஒப்படைப்பு, வேலை முடிந்தது’ன்னு அதையும் என் பேர்லயே போட்டுட்டுப் போயிட்டாங்க.